இரண்டு அங்குலப் பித்தளை

கார்த்திகை தீபத்துக்கு முந்தைய வாரங்களில் திருவண்ணாமலையிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் வீடுகளுக்கு வெள்ளையடிப்பார்கள். பரணிலிருந்து டிரங்குப் பெட்டிகள் இறங்கும். பழைய பத்திரம், ரேஷன் அட்டை, செல்லாத காசு, அவற்றோடு ஒரு துணிமுடிச்சில் சில உலோகத் துண்டுகள். அவற்றைப் புளி போட்டுத் தேய்த்துத் திரும்ப முடிந்து வைப்பதும், தெருவில் வரும் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டுப் பேரீச்சம்பழம் வாங்குவதும் பெண்களின் வேலைதான். அந்த உலோகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் படித்துச் சொன்னதில்லை. இந்தக் கட்டுரை அதைப் படிப்பது பற்றியது. எழுத்து இல்லாத இடத்தையும் படிப்பது பற்றியது.

1911வரை ஒரு பகுதி தென்னார்க்காட்டிலும் பிறகு முழுவதும் வடார்க்காட்டிலும் இருந்து, 1989இல் தனி மாவட்டமான இந்தப் பகுதியில், ‘பட்டாளத்தார் வீடு’, ‘மில்ட்ரிக்காரர் வீடு’ என்று பேர் எடுத்த வீடுகள் நிறைய. போளூர், செங்கம், ஆரணி, வந்தவாசி என்று எந்தப் பக்கம் போனாலும் ஊருக்கு ஒன்றிரண்டாவது இருக்கும். தென்னாட்டார் போருக்கு லாயக்கில்லை என்று 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளை அதிகாரிகள் ஒரு கோட்பாடு கட்டினார்கள். ‘போர்க்குடி’ என்று வடக்கே சில சாதிகளைத் தேர்ந்தெடுத்து, சென்னைப் படைப்பிரிவுகளை ஒவ்வொன்றாகக் குறைத்தார்கள். 1914இல் உலகப்போர் வந்ததும் அந்தக் கோட்பாட்டைச் சுருட்டி வைத்துவிட்டு இங்கேயும் ஆள் சேர்த்தார்கள். அந்தப் போருக்குச் சென்னை மாகாணத்திலிருந்து போனவர்களில் சுமார் 51 ஆயிரம் பேர் சிப்பாய்கள், சுமார் 41 ஆயிரம் பேர் சமையல், தண்ணீர் சுமத்தல், கோவேறு கழுதை ஓட்டுதல், ரோடு போடுதல் போன்ற வேலைகளுக்குப் போனவர்கள். போர் முடிந்ததும் கோட்பாடு மறுபடி வெளியே வந்தது. 1928க்குள் சென்னைக் காலாட்படை கலைக்கப்பட்டது. 1933இல் பயோனியர் படையும் போயிற்று. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் மட்டும் மிஞ்சியது. அடுத்த உலகப்போருக்கு ஆள் தேவைப்பட்ட 1941இல்தான் மெட்ராஸ் ரெஜிமென்ட் மறுபடி பிறந்தது.

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. இந்தக் கிராமத்திலிருந்து 277 ஆண்கள் 1914–1919 பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்கிறது ஆங்கிலத்தில். இதே வாசகத்தில் எண்ணிக்கையை மட்டும் மாற்றிப் பல ஊர்களில் கல் நட்டிருக்கிறார்கள். வேலூரைக் கிராமம் என்று எழுதியது அந்த அச்சு வாசகத்தின் கோளாறு. பெயர் ஒன்றுகூட இல்லை என்பதைக் கோளாறாக யாரும் கருதவில்லை. அந்த 14 பேரின் வீடுகளில் எத்தனை பெண்கள் தாலியறுத்தார்கள் என்ற எண்ணிக்கைக்குக் கல்லில் இடம் ஒதுக்கப்படவில்லை.

துணிமுடிச்சில் மிகவும் குழப்பம் தரும் பொருளிலிருந்து தொடங்குகிறேன். இரண்டு அங்குல நீளத்தில், தங்க நிறம் பூசிய மெல்லிய பித்தளைக் கம்பிப் பட்டை. முன்பக்கம் பின்னல் போன்ற வரி. பின்பக்கம் துணிக்குள் நுழைய இரண்டு முனைகள், சில நேரம் அவற்றைப் பிடித்துக்கொள்ள ஒரு தகடு. செங்கம் பக்கம் ஒரு வீட்டில் இதை ரவிக்கைக்குக் குத்தும் பின்னாகப் பயன்படுத்திவந்தார்கள். வெள்ளைக்காரன் தாத்தாவுக்குக் கொடுத்த தங்கப் பின் என்பது குடும்பக் கதை.

அது பரிசு அல்ல, காயக்கோடு. சொம் போர் தொடங்கி ஐந்தே நாளில், 1916 ஜூலை 6ஆம் தேதி, பிரிட்டிஷ் படை ஓர் ஆணை போட்டது. 1914 ஆகஸ்ட் 4க்குப் பிறகு எதிரியால் காயப்பட்டவர்கள், சட்டையின் இடது முன்கையில், கைப்பட்டியின் அடியிலிருந்து மூன்று அங்குலம் மேலே, இரண்டு அங்குலத் தங்கப் பின்னலைச் செங்குத்தாகத் தைத்துக்கொள்ளலாம். துணிப் பின்னல் நைந்துபோகும் என்பதால் பித்தளையிலும் செய்தார்கள். ஒவ்வொரு கோடும் ஒரு காயத்தைக் குறிப்பதில்லை, காயப்பட்ட ஒரு தருணத்தைக் குறிக்கிறது. ஒரே குண்டுவெடிப்பில் உடம்பில் ஏழு இடத்தில் சில்லு பாய்ந்திருந்தாலும் கோடு ஒன்றுதான். காய்ச்சலுக்குக் கோடு கிடையாது. விபத்துக்குக் கிடையாது. மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், வயிற்றுப்போக்கிலும் மலேரியாவிலும் வெயிலிலும் விழுந்தவர்களின் கை வெறுங்கையாகவே இருந்தது. 1922இல் இந்த வழக்கத்தை நிறுத்தினார்கள். 1944இல் திரும்பக் கொண்டுவந்தபோது, முதல் போரில் எத்தனை முறை காயப்பட்டிருந்தாலும் அவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு சிவப்புக் கோடு என்று கணக்கை முடித்தார்கள்.

இதைப் பக்கத்துக் குறிகளோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. காயக்கோடு நேர்க்கோடு, இடது கை. வலது முன்கையில் கூரை போல மேல்நோக்கி முனை கொண்ட சிறு பட்டைகள் இருந்தால் அவை முதல் போரில் கடல் கடந்து இருந்த ஆண்டுகள். 1914இலேயே போயிருந்தால் சிவப்பு, அதற்குப் பிந்திய ஒவ்வோர் ஆண்டுக்கும் நீலம். இடது முன்கையில் அதே வடிவம் இருந்தால் நன்னடத்தைக்காகத் தந்தது. மேல்கையில் முனை கீழ்நோக்கி இருப்பது நாயக், ஹவில்தார் என்ற பதவிப் பட்டை. குடும்பப் புகைப்படம் இருந்தால் முதலில் கையைப் பாருங்கள், பிறகு முகத்தை.

ஓர் அரசு ஆணின் காயத்தை அங்குலத்தில் அளந்து சட்டைமேல் தைக்கச் சொல்வதை நான் இழிவாகப் பேசவில்லை. காயத்தைப் பார்வைக்கு வைப்பதில் ஒரு நேர்மை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் கை வீட்டுக்கு வந்த பிறகு? மடக்க முடியாத விரலோடு வந்தவருக்குச் சோறு பிசைந்து கொடுத்ததும், இரவில் அலறி எழுந்தவரைப் பிடித்து உட்கார வைத்ததும், குடித்துவிட்டு அடித்த அடியை வாங்கியதும் எந்த ஆணையிலும் வராதவை. எங்கள் பக்கத்தில் ‘பட்டாளத்துக் கோபம்’ என்று ஒரு சொல் உண்டு. ஆண்கள் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். பெண்கள் சொல்லும்போது சிரிப்பதில்லை.

பதக்கங்களுக்கு வருவோம். முதல் போர்க்காலத்து வீடுகளில் இரண்டு வட்டப் பதக்கங்கள் சேர்ந்து வரும். ஒன்றில் ஐந்தாம் ஜார்ஜின் தலை, மறுபுறம் குதிரைமேல் நிர்வாணமாக ஓர் ஆண், குதிரையின் காலடியில் கழுகுக் கேடயமும் மண்டையோடும். இது பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். நாடாவின் நடுவில் ஆரஞ்சு, இருபுறமும் வெள்ளை, கறுப்பு, நீலம். இன்னொன்று வெண்கலம், சிறகு விரித்த பெண், வானவில் நாடா. அது வெற்றிப் பதக்கம். வெற்றிக்கு உருவம் கொடுக்கும்போது மட்டும் பெண் தேவைப்பட்டிருக்கிறாள். 1915 முடிவதற்குள் களத்துக்குப் போயிருந்தால் ஒரு வெண்கல நட்சத்திரமும் கூட வரும்.

போர்ப் பதக்கம் எந்த உலோகம் என்று பாருங்கள். சிப்பாய்களுக்கு வெள்ளி. சீனர், மால்டாக்காரர், இந்தியர் என்று கூலிப்படைகளில் இருந்தவர்களுக்கு அதே ராஜா, அதே குதிரை, ஆனால் வெண்கலம். சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம் வெண்கலப் பதக்கங்கள் வெளியாயின. ஒரே கப்பலில் போய் ஒரே நதிக்கரையில் நின்றவர்களை உலோகத்தால் பிரித்த இந்த ஏற்பாட்டை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை, தனி டம்ளர் பார்த்து வளர்ந்த ஊர் இது. சாப்பர்ஸிலும் பயோனியரிலும் பறையர்கள் துப்பாக்கி பிடித்த சிப்பாய்களாகவே சேர்ந்தார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சேரியில் ‘மில்ட்ரி’ என்ற பட்டப்பெயர் ஊர்த்தெருவில் செருப்போடு நடக்கும் தைரியத்தைக் கொடுத்திருக்கிறது. அந்தத் தைரியத்தில் அவர்கள் வீட்டுப் பெண்களுக்குப் பங்கு கிடைத்ததா என்பது வேறு கேள்வி.

பதக்கத்தில் உண்மையான செய்தி முகத்தில் இல்லை, விளிம்பில் இருக்கிறது. பக்கவாட்டில் திருப்பிச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். படை எண், பதவி, பெயர், பிரிவு ஆகியவற்றை ஆங்கிலத்தில் அழுத்தியிருப்பார்கள். நட்சத்திரமாக இருந்தால் முதுகில். எஸ்.பி.ஆர். என்றால் சாப்பர், டி.வி.ஆர். என்றால் டிரைவர், அதாவது கழுதையோ வண்டியோ ஓட்டியவர். எஸ் அண்ட் எம் என்பது சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். பெயரைவிட எண்தான் முக்கியம், ஏனென்றால் ஒரு பிரிவில் பத்து முனுசாமிகள் இருந்தார்கள், ஒவ்வொரு குமாஸ்தாவும் ஒவ்வொரு விதமாக எழுத்துக் கூட்டினார். இந்த விளிம்பு எழுத்து ஆழமானதல்ல. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து முப்பது நாற்பது வருஷத்தில் பெயரையே அழித்துவிட்ட பக்தியை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். தேய்க்காதீர்கள். அழுக்கோடு படம் எடுத்து வையுங்கள்.

அந்த விளிம்பு ஏன் முக்கியம் என்றால், பலருக்கு அதுதான் பெயர் எழுதப்பட்ட ஒரே இடம். பாஸ்ராவில் 1929இல் திறந்த போர் நினைவிடத்தின் சுவர்களில் பிரிட்டிஷாருக்கும் இந்திய அதிகாரிகளுக்கும் பெயர் பொறித்தார்கள். பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்களைப் பிரிவு வாரியாக எண்ணிக்கையில் அடக்கிவிட்டார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில் இதை ஒப்புக்கொண்டது. முதல் போரில் இறந்த 45 ஆயிரம் முதல் 54 ஆயிரம் பேர் வரை, பெரும்பாலும் இந்தியரும் ஆப்பிரிக்கரும், சமமில்லாமல் நினைவுகூரப்பட்டார்கள் என்றும், குறைந்தது 1 லட்சத்து 16 ஆயிரம் பேருக்குப் பெயரோ நினைவுச் சின்னமோ இல்லாமலே போயிற்று என்றும் சொன்னது.

எங்கள் வீட்டிலும் ஒரு வெற்றிப் பதக்கம் இருந்தது. ‘தாத்தா மெடல்’ என்பார்கள், அதாவது என் அப்பாவின் தாத்தாவுடையது. கூட இருந்திருக்க வேண்டிய வெள்ளிப் பதக்கம் என்றைக்கோ உருகி யாருடைய காலிலோ கொலுசாகிவிட்டது. வரலாறு படிக்கப் போன பிறகு நான்தான் முதலில் விளிம்பைப் படித்தேன். சாப்பர். நான்கு இலக்க எண். பெயர் தாத்தாவின் பெயர் அல்ல. முன்னெழுத்து, கூட்டெழுத்து என்று எப்படித் திருப்பிப் போட்டாலும் அந்தப் பெயர் ஆகவில்லை. சித்தப்பாக்கள் கோபித்துக்கொண்டார்கள். வெள்ளைக்காரன் தப்பாக எழுதிவிட்டான் என்றார்கள். எண்ணை வைத்துத் தேடியபோது பாஸ்ராப் பட்டியலில் அந்த ஆள் கிடைத்தார். அவர் வீடு திரும்பவே இல்லை.

பெரிய அத்தையிடம் கேட்டேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: “ஆயாவோட மொத வூட்டுக்காரரு. அறுத்துக் கட்டுனவதானே ஆயா. எங்களுக்கெல்லாம் தெரியும். ஆம்பளைங்களுக்குத்தான் சொல்லல.”

மூன்று தலைமுறைப் பெண்கள் இந்தச் செய்தியைத் தங்களுக்குள் கைமாற்றி வந்திருக்கிறார்கள். ஆண்கள் அந்தப் பதக்கத்தைத் தங்கள் வம்சப் பெருமையாக நினைத்து ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்திருக்கிறார்கள். பெட்டியைப் பூட்டி வைத்திருந்தது ஆயா. இரண்டாவது கணவருக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்திருக்கும், தெரியாதது போல இருந்திருப்பார் என்பது அத்தையின் கணிப்பு. அறுத்துக் கட்டுவது கேவலம் இல்லை என்றிருந்த எங்கள் சாதியில், இடையில் வந்த ‘மேல்சாதி’ மோகத்தில் அது மறைக்க வேண்டிய விஷயமாகியிருக்கிறது. அதனால்தான் சித்தப்பாக்களின் கோபம்.

மறைத்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். காலனிய ராணுவத்தில் இறந்த சிப்பாயின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு, மறுமணம் செய்தால் நின்றுவிடும். மாதா மாதம் வரும் சில ரூபாயா, இன்னொரு வாழ்க்கையா என்று இருபது வயதுப் பெண் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆயா வாழ்க்கையைத் தேர்ந்தெடுத்தார். ஓய்வூதியத்தை வாங்கிக்கொண்டே ரகசியமாகக் குடும்பம் நடத்திய பெண்களும் இருந்திருப்பார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

இது வெள்ளைக்காரனோடு போய்விட்ட விதி என்று நினைக்க வேண்டாம். சுதந்திர இந்தியாவின் 1961ஆம் ஆண்டு ராணுவ ஓய்வூதிய விதிகளில், மறுமணம் செய்யும் விதவையின் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் நிற்கும், இறந்த கணவனின் சகோதரனைக் கட்டிக்கொண்டு அந்தக் குடும்பத்தோடே வாழ்ந்தால் நிற்காது என்றிருந்தது. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நிலம் குடும்பத்தை விட்டுப் போகாமலிருக்க விதவையைக் கொழுந்தனுக்கே கட்டிவைக்கும் வழக்கம் உண்டு. அந்த வழக்கத்தை ஒரு நாடு முழுவதற்குமான சட்டமாக்கினார்கள். நம் பக்கத்தில் அறுத்துக் கட்டும் சாதிகளிலும்கூட அண்ணியைத் தாய் ஸ்தானத்தில் வைப்பதாகப் பேசுவதே வழக்கம். இங்கே அந்தச் சலுகை ஏட்டுச் சுரைக்காய்தான். வீரதீரப் பதக்கம் பெற்றவரின் மனைவிக்கு வரும் படித்தொகையிலும் இதே கொழுந்தன் நிபந்தனை இருந்தது. அதை 2017 நவம்பரில்தான் பாதுகாப்பு அமைச்சகம் நீக்கியது. ராணுவம் போர் விதவைகளை ‘வீர் நாரி’ என்று அழைத்து மேடையேற்றுகிறது. யாரைக் கட்டிக்கொள்கிறாள் என்று பார்த்துப் பணம் கொடுத்த காலத்திலும் அப்படித்தான் அழைத்தது.

இரண்டாம் போர்ச் சின்னங்களை அடையாளம் காண்பது சுலபம். ஆறு முனை நட்சத்திரங்களில் பர்மா, ஆப்பிரிக்கா, இத்தாலி என்று களத்தின் பெயரே இருக்கும், இந்தியப் படையினருக்குத் தந்தவற்றின் முதுகில் அணிந்தவரின் விவரமும் பொறித்திருக்கும். கூட வரும் தொப்பிச் சின்னம், தோள்பட்டை எழுத்து, பித்தான் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். கேடயத்தில் யானையும் வாள்களும் மெட்ராஸ் ரெஜிமென்ட். அந்த யானை 1803 அசாயே போரில் வாங்கிய மரியாதை. கிரீடம் இருந்தால் 1950க்கு முந்தியது, அசோகச் சிங்கம் இருந்தால் பிந்தியது என்று பொதுவாகச் சொல்லலாம். இடையில் ஒரு விசித்திரம் உண்டு. காவி, வெள்ளை, பச்சை நாடாவில் தொங்கும் இந்திய சுதந்திரப் பதக்கம், 1947. ஒரு பக்கம் சிங்கமும் சுதந்திர நாளும், மறுபக்கம் அசோகச் சக்கரத்துக்கு மேல் பிரிட்டிஷ் கிரீடம், சுற்றிலும் ஆறாம் ஜார்ஜின் பட்டங்கள். சுதந்திரத்தைக்கூட ராஜா முத்திரை குத்தித்தான் கொடுத்தார்.

ஒரு எச்சரிக்கை. பெட்டியில் இருப்பது தாத்தாவுடையது என்று எடுத்தவுடனே முடிவு செய்யாதீர்கள். 1942இல் இந்தியப் பெண்கள் துணைப்படை தொடங்கப்பட்டது. தட்டச்சு, தொலைபேசி, சங்கேத வேலை என்று பல்லாயிரம் பெண்கள் காக்கிச் சேலையில் வேலை பார்த்தார்கள். தோள்பட்டைப் பித்தளையில் டபிள்யூ.ஏ.சி. என்ற எழுத்துகளும் அடைப்புக்குள் ஓர் ஐ எழுத்தும் இருந்தால் அது பாட்டியுடையது. ராணுவ நர்ஸ்களும் இருந்தார்கள். மலேயாவில் உறவு இருந்த குடும்பமானால் இன்னொரு சாத்தியமும் உண்டு. 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் பயிற்சி தொடங்கிய ஜான்சி ராணிப் படையில், கேப்டன் லட்சுமியின் தலைமையில் சேர்ந்தவர்களில் ரப்பர் தோட்டத் தமிழ்ப் பெண்கள் ஏராளம். ஊர் திரும்பியவர்கள் கல்யாணச் சந்தையில் விலை போக வேண்டும் என்பதற்காகச் சின்னத்தை ஒளித்து வைத்திருக்கலாம். பிரிட்டனில் படைச் சின்னத்தைச் சின்னதாக ஊசிப் பதக்கமாகச் செய்து மனைவிகளும் காதலிகளும் மார்பில் குத்திக்கொள்வார்கள். நம் பெண்களுக்கு அப்படிக் குத்திக்கொள்ளும் வழக்கமும் இல்லை, தங்களுடையதையே குத்திக்கொள்ளும் துணிச்சலும் அனுமதிக்கப்படவில்லை.

திருவண்ணாமலையில் ராணுவம் என்றதும் 1767இல் ஹைதர் அலியோடு கர்னல் ஸ்மித் நடத்திய சண்டையைச் சொல்வார்கள், அல்லது 1935இல் ரமணாசிரமம் வந்து தங்கிவிட்ட மேஜர் சாட்விக்கைச் சொல்வார்கள். இரண்டும் புத்தகங்களில் நன்றாகவே பதிவாகியிருக்கின்றன. பட்டாளத்தார் வீட்டுப் பெண்களைப் பற்றித் தெரிந்துகொள்ள உலோகத்தை விட்டுவிட்டுக் காகிதத்துக்குப் போக வேண்டும்.

அங்கே அவர்கள் இருக்கிறார்கள். போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேடுகளில், குறிப்பாக இரண்டாம் போருக்கான பதிவுகளில், சிப்பாயின் பெயருக்குக் கீழே இன்னாரின் மகன், இன்னாளின் கணவன், இந்த ஊர், வடார்க்காடு என்று ஒரு வரி இருக்கும். கணவன் பெயரால் மனைவியை அடையாளம் காட்டும் உலகில், மனைவி பெயரால் கணவனை அடையாளம் காட்டும் அரிய காகிதம் இது. எல்லோருக்கும் அந்த வரி இல்லை. இருக்கும் இடத்தில் அது ஓர் எழுத்தறியாத பெண்ணின் பெயர் அவள் வாழ்நாளில் அச்சேறிய ஒரே இடமாக இருந்திருக்கலாம். 1947க்குப் பிந்திய வீரர்கள் என்றால் படைப்பிரிவின் ஆவணக் காப்பகத்துக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு நீலகிரியில் வெலிங்டன், மெட்ராஸ் இன்ஜினியர்களுக்குப் பெங்களூர். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகவும் கேட்கலாம். எண், பதவி, பிரிவு மூன்றும் வேண்டும். பெயர் மட்டும் போதாது.

கையோடு வீட்டில் உயிரோடிருக்கும் பாட்டியின் பெயரை ஓய்வூதிய ஆணையில் சரிபாருங்கள். சிப்பாய் சேரும்போது வாயால் சொன்ன செல்லப்பெயரே பதிவாகி, ஆதாரில் வேறு பெயர் இருந்து, அவர் இறந்த பிறகு குடும்ப ஓய்வூதியத்துக்காக அலைகிற பெண்கள் இன்றும் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். அவர் உயிரோடு இருக்கும்போதே திருத்துவது சுலபம்.

பழைய பதிவேட்டில் தேடும்போது பெண் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடாதீர்கள். ‘அம்மாள்’ என்பதை ஒரு ‘எம்’, இரண்டு ‘எம்’, கடைசியில் ஒரு ‘எல்’, இரண்டு ‘எல்’ என்று எல்லா விதமாகவும் எழுதியிருப்பார்கள். சில இடங்களில் ‘அம்மாள்’ மட்டும் இருக்கும், முன்னால் இருந்த பெயர் விடுபட்டிருக்கும். அப்போது ஊர்ப் பெயரை வைத்துத் தேடுங்கள், ஊருக்கும் நாலைந்து எழுத்துக்கூட்டல் உண்டு.